அப்பா தொட்டியிலிருந்து ஏறி வந்த ஞாயிறு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், ஆண்டவருடைய சமுகத்தில் எங்களோடு கூடியிருக்கும் உறவினர்களுக்கும், சபையாருக்கும், அம்பத்தூர்த் தொழிற்சாலையில் அப்பாவோடு வேலை பார்த்த நண்பர்களுக்கும் மூத்த மகளின் அன்பான வணக்கம்.

நினைவு மலர்களை நான் நிறைய வாசித்திருக்கிறேன். எங்கள் வீட்டு அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அவைதான் கிடக்கின்றன. அவற்றில் யாரும் கோபப்பட்டதில்லை, யாரும் பொய் சொன்னதில்லை. எல்லோரும் சிரித்த முகத்தோடு வாழ்ந்து, பிள்ளைகள் சூழ்ந்திருக்க, ஜெபித்தபடியே கண்ணை மூடியிருக்கிறார்கள். அப்படி ஒன்றை எழுதித் தருவது எனக்கும் சுலபம்தான். அப்பா விடவில்லை. ஏன் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். வாசிக்கும்போது சிலருக்கு முகம் சுளிக்கத் தோன்றும். தயவுசெய்து பாதியில் மடித்துப் பைக்குள் வைத்துவிட வேண்டாம்.

அப்பா அரக்கோணத்துக்கு மேற்கே ஒரு சிற்றூரில் பிறந்தார். தாத்தா அரிசி ஆலையில் மூட்டை தூக்கியவர். பாட்டியின் முகம் அப்பாவுக்கு நினைவில்லை. சித்தி வீட்டில் ஒரு வேளை, அத்தை வீட்டில் ஒரு வேளை என்று சாப்பிட்டுப் பள்ளிக்கூடம் முடித்தார், பிறகு ஐ.டி.ஐ. படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் கனத்த இரும்பு வேலை நடக்கும் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தார். ஆவடியில் அறை எடுத்துத் தங்கி ரயிலில் போய்வந்தார். அந்த ரயிலில்தான் அம்மாவைப் பார்த்தார். அம்மா பிறவிக் கிறிஸ்தவர், அப்பா திருத்தணி முருகனுக்கு மொட்டை போட்டு வளர்ந்தவர். இரண்டு வீட்டிலும் குதித்தார்கள். பதிவுத் திருமணம்தான் நடந்தது. அம்மா தனியாகவே சபைக்குப் போய்க்கொண்டிருந்தார். அப்பா வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு எதிர்க் கடையில் தேநீர் குடித்தபடி காத்திருப்பாராம்.

தொழிற்சாலையில் அப்பா கிரேன் ஆபரேட்டர். கூரைக்குக் கீழே தண்டவாளத்தில் ஓடும் பெரிய கிரேன் அது. அதன் கூண்டில் அப்பா உட்கார்ந்திருப்பார். கீழே நின்று இரும்புத் தகடுகளைக் கம்பிக் கயிற்றால் கட்டிக் கொக்கியில் மாட்டுகிறவர் காதர் மாமா. பூந்தமல்லிக்காரர். அப்பா வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவருக்குச் சோற்றில் பங்கு கொடுத்தவர், அப்பாவை "மச்சான்" என்றே கூப்பிட்டவர். அதனால்தான் நாங்கள் அவரை மாமா என்கிறோம்.

அந்த வேலைக்கு ஒரு முறை உண்டு. கட்டி முடித்ததும் கீழே இருப்பவர் விலகி நின்று கையை உயர்த்த வேண்டும். அந்தக் கை உயர்ந்த பிறகுதான் மேலே இருப்பவர் தூக்கலாம். அத்தனை இரைச்சலில் குரல் கேட்காது. கை ஒன்றுதான் பேச்சு.

நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்த ஆண்டு, ஒரு பிற்பகலில், கை உயரும் முன்பே அப்பா தூக்கிவிட்டார். காதர் மாமாவின் வலது கை கயிற்றுக்கும் தகட்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. மணிக்கட்டுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று.

விசாரணையில் அப்பா, "கை காட்டினாரு சார். பாத்துட்டுத்தான் தூக்கினேன்" என்றார். காதர் மாமாவுக்கு அந்த நிமிடம் நினைவில் இல்லை. வலியில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில்தான் கண் விழித்திருக்கிறார். அவரைக் கேட்டபோது, "மச்சான் பொய் சொல்ல மாட்டான் சார். நான்தான் அவசரத்துல காட்டியிருப்பேன்" என்றாராம். விசாரணை அதோடு முடிந்தது. கேட்டவர்கள்மேல் தவறில்லை. அடிபட்டவரே ஒப்புக்கொண்ட பிறகு அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

இந்த உண்மையை அப்பா தம் கடைசிக் காலத்தில்தான் எங்களிடம் சொன்னார். நான் இங்கேயே சொல்லிவிட்டதற்குக் காரணம், இனிமேல் வருவதையெல்லாம் நீங்கள் இதைத் தெரிந்துகொண்டே வாசிக்க வேண்டும் என்பதுதான்.

கை ஆறியதும் காதர் மாமாவை ஸ்டோருக்கு மாற்றினார்கள். புதிதாகச் சேருகிற பையன்களுக்குச் சிக்னல் கற்றுக்கொடுக்கும்போதெல்லாம், "காதர் பாய் மாதிரி அவசரப்படாதே" என்பது பாடமாகிவிட்டது. அவரையே கூப்பிட்டு நிறுத்தி, மொட்டைக் கையைக் காட்டிச் சொல்லச் சொன்ன நாட்களும் உண்டு. அவரும் மனப்பூர்வமாகச் சொன்னார். கல்யாண விருந்துகளில் அவர் கடைசிப் பந்திவரை காத்திருப்பார். இடது கையால் சாப்பிடுவதை நாலு பேர் பார்ப்பது அவருக்குக் கூச்சம். ரம்ஜானுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து பிரியாணி வாளியைக் கீழே வைக்கும்போது தவறாமல் ஒரு வேடிக்கை சொல்வார்: "ஆண்டவன் ரெண்டு கை குடுத்தான். அதுல ஒண்ணு எனக்கே ஆப்பு வச்சிட்டுப் பூடுச்சு." நாங்கள் சிரிப்போம். அப்பா எழுந்து கொல்லைப்புறம் போய்விடுவார். அவருக்கு இளகிய மனசு, சிநேகிதன் கையை நினைத்து வருந்துகிறார் என்று அம்மா சொல்வார்.

விபத்து நடந்து சில வாரங்களில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தேநீர்க் கடையில் நிற்காமல் அம்மாவின் பின்னாலேயே சபைக்குள் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அம்மா அழுதுவிட்டார். தம் ஜெபம் கேட்கப்பட்டது என்று சபையில் எழுந்து சாட்சி சொன்னார். அதற்குப் பிறகு அப்பா ஒரு ஞாயிறுகூடத் தவறியதில்லை. ஆனால் கடைசி பெஞ்சை விட்டு முன்னால் நகர்ந்ததும் இல்லை. திருவிருந்துத் தட்டு வரும்போது எடுக்காமல் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ளிவிடுவார். ஞானஸ்நானம் எடுக்காதவர் திருவிருந்தில் பங்குபெற முடியாது, அவர் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கவே இல்லை.

எங்கள் சபையில் தண்ணீரைத் தெளித்து ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் கிடையாது, முழுக்குதான். தொட்டி மேடைக்குக் கீழே இருக்கிறது. மற்ற நாட்களில் அதைப் பலகைகளால் மூடி, மேலே விரிப்புப் போட்டிருப்பார்கள். பாஸ்டர் அந்தப் பலகைகளின் மேல் நின்றுதான் பிரசங்கிப்பார். யாராவது மேடையில் நடந்தால் 'தொம் தொம்' என்று கேட்கும், கீழே வெறுமை இருப்பது சத்தத்திலேயே தெரியும். சிறுபிள்ளைகளாக நாங்கள் அதில் வேண்டுமென்றே குதிப்போம். அப்பா அந்த மேடையில் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. நாற்காலி எடுத்துப் போடச் சொன்னால்கூட வேறு யாரையாவது அனுப்பிவிடுவார். அவர் தொட்டியைப் பார்த்துப் பயப்படுகிறார் என்பதைக் கண்டுபிடிக்க எனக்குப் பல வருடங்கள் ஆயின.

அப்பாவைப் பற்றிப் பேசும் எல்லோரும் அவர் காதர் மாமாவுக்குச் செய்த உதவிகளைத்தான் சொல்கிறீர்கள். துக்கத்துக்கு வந்தவர்களும் அதையே சொன்னீர்கள். காதர் மாமாவின் மகள் கல்யாணத்தில் பந்தல் கட்டியதிலிருந்து எச்சில் இலை எடுத்ததுவரை அப்பா நின்றார். மாமிக்கு ஆபரேஷன் என்றபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் படுத்தார். எல்லாம் உண்மை. ஆனால் அதைச் செய்யும்போது அவர் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். பின்னாலேயே யாரோ விரட்டிக்கொண்டு வருகிற மாதிரி இருக்கும். அன்பு இல்லாமல் இல்லை. பயம் அதற்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

ஓய்வு பெற்று, திருமுல்லைவாயிலில் வீடு கட்டிக் குடிவந்த பிறகு அப்பாவின் சிறுநீரகங்கள் கெட்டுப்போக ஆரம்பித்தன. கால் வீங்கியது. முகம் உப்பியது. அம்மாவுக்கு ஒரே கவலைதான்.

"இப்பவாவது ஞானஸ்நானம் எடுங்க. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நம்ம கல்லறைத் தோட்டத்துல உங்கள வைக்க உடுவாங்களா? நான் ஒரு இடத்துல, நீங்க ஒரு இடத்துலயா?"

அப்பா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் பெயர் கொடுத்தார்.

ஞானஸ்நான வகுப்புக்கு நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். எங்கள் பாஸ்டர் என்னைவிட இரண்டொரு வயது இளையவர். வளைத்துப் பேசத் தெரியாதவர். அன்று அவர் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

"அழறதுக்குப் பேரு மனந்திரும்புதல் இல்ல. ஆவடிக்குப் போக வேண்டியவன் தெரியாம சென்ட்ரல் போற வண்டியில ஏறிட்டான்னு வைங்க. சீட்டுல உக்காந்து தேம்பித் தேம்பி அழுதா ஆவடி வந்துடுமா? எறங்கணும். படியேறி அந்தப் பக்கம் போகணும். எதிர் வண்டியில ஏறணும். அதான் திரும்பறது. ஞானஸ்நானம்ங்கறது பழைய ஆள அடக்கம் பண்றது. சாகாத ஆள அடக்கம் பண்ண முடியாது. அதனால, யாருக்காவது அநியாயம் பண்ணியிருந்தா மொதல்ல அங்க போங்க. அப்புறம் தண்ணிக்கு வாங்க."

இது எங்கள் சபையின் வழக்கம். ஞானஸ்நானத்துக்கு முந்தைய வாரத்தை ஒப்புரவு வாரம் என்போம். பெயர் கொடுத்தவர்கள் தாங்கள் தீங்கு செய்தவர்களைத் தேடிப் போய்ப் பேசிவிட்டு வர வேண்டும். அந்த முறை ஒரு அக்கா நெடுநாள் பேசாத மாமியாரிடம் போனார். இன்னொருவர், கழிவுநீரைத் தம் பக்கம் விடக்கூடாது என்று சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரிடம் போய்க் காபி குடித்துவிட்டு வந்தார். அப்பா எங்கேயும் போகவில்லை. வாரம் முழுக்க உபவாசம் இருந்தார். சிறுநீரகக்காரர் பட்டினி கிடக்கலாமா என்று நான் கத்தினேன். அவர் காதில் ஏறவில்லை. முதலில் தண்ணீரில் இறங்கிவிட்டால், போய்ச் சொல்லும் தைரியம் அங்கிருந்து கிடைக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். அதைப் பிறகுதான் சொன்னார்.

அந்த ஞாயிறு மேடைப் பலகைகளை எடுத்துவிட்டார்கள். லாரித் தண்ணீர் நிரப்பிய தொட்டி திறந்து கிடந்தது. வெள்ளை வேட்டி சட்டையில் அப்பா வரிசையில் கடைசியாக நின்றார். ஒவ்வொருவராக இறங்கினார்கள். பாஸ்டர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, "உங்கள் பாவங்களை விட்டு மனந்திரும்பினீர்களா?" என்று கேட்பார். "ஆம்" என்பார்கள். முழுக்கித் தூக்குவார். சபை கைதட்டிப் பாடும். அந்தக் கேள்விக்கு யாரும் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை. கல்யாணத்தில் சம்மதமா என்று கேட்பது போன்றதுதான் அதுவும்.

அப்பா படியில் மெல்ல இறங்கினார். தண்ணீர் இடுப்புவரை வந்ததும் நின்றார். பாஸ்டர் அவர் முதுகில் ஒரு கையும் நெஞ்சில் ஒரு கையும் வைத்துக்கொண்டு கேட்டார்.

அப்பா தண்ணீரையே பார்த்தார். அவருக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்து பாஸ்டர் மறுபடியும் கேட்டார்.

"இல்ல ஐயா," என்றார் அப்பா. மைக் பக்கத்தில் இருந்ததால் சபை முழுக்கக் கேட்டது. "நான் இன்னும் அந்த வண்டியிலதான் உக்காந்துகினு கீறேன். என்ன முழுக்காதீங்க."

பாஸ்டர் அவர் கையைப் பிடித்துப் படியேற்றிவிட்டார். கீபோர்டு வாசிக்கிற தம்பி என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு துதிப் பாட்டை ஆரம்பித்தார், யாரும் கூடப் பாடவில்லை. நனைந்த வேட்டி காலில் ஒட்ட, நடைபாதை முழுக்கத் தண்ணீர் சொட்ட, அப்பா சபையின் நடுவே நடந்து வெளியே போனார். அம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். எனக்கு அவமானமாகவும் பயமாகவும் இருந்தது.

வீட்டுக்கு வந்து, உடை மாற்றாமலே, எங்களை உட்காரவைத்துச் சொன்னார். அம்மாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்ததும் அவர் கேட்டது ஒன்றுதான்.

"ஏங்க இத்தன வருஷமா சொல்லல?"

"மொதல்ல வேல போயிடும்னு பயம். அப்புறம் அவன் போயிடுவானோன்னு பயம். அவன விட்டா எனக்கு யாருடி கீறாங்க?" என்றார். பிறகு, "தண்ணி என்ன அமுக்கறதுல பயமில்ல. பொய்ய மடியில வச்சிக்கினு முழுகினா, அதுவும் என்கூடவே எழுந்து வரும்" என்றார்.

சொல்லிவிட்டாரே தவிர, உடனே போகவில்லை. இன்று போகிறேன் என்று கிளம்புவார். பூந்தமல்லி பஸ்ஸில் ஏறுவார். பூந்தமல்லிக்கு முன்னாலேயே, குமணன்சாவடியில் இறங்கி, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்துவிடுவார். நாங்கள் கேட்க மாட்டோம். வந்து செருப்பைக் கழற்றும்போதே தெரிந்துவிடும்.

அதற்குள் டயாலிசிஸ் ஆரம்பித்துவிட்டது. கழுத்துக்குக் கீழே நெஞ்சில் ஒரு குழாய் வைத்தார்கள். அதில் தண்ணீர் படவே கூடாது, பட்டால் விஷக்கிருமி நேரே இரத்தத்தில் ஏறும் என்று டாக்டர் எச்சரித்தார். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு வைத்தார்கள். உடம்பில் சேரும் நீர் வெளியே போக வழியில்லை, கொஞ்சம் கூடினாலும் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். ஒரு நாள் அப்படித்தான் ஆயிற்று. பகல் வெளிச்சத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே, தண்ணீருக்குள் அகப்பட்டவர் போல அப்பா வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவித்தார். ஆம்புலன்ஸில் என் கையை இறுக்கிக்கொண்டு, "நான் சொல்லாமயே போயிடப் போறேன்" என்றார். அந்தப் பயத்தை நான் இன்னும் என் உடம்பில் சுமக்கிறேன்.

அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு முதலில் ஓடி வந்தவர் காதர் மாமா. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடது கையால் அப்பாவின் காலைப் பிடித்துவிட்டார். "இன்னா மச்சான் இது, சின்னப் புள்ளையாட்டம் பயந்துகினு. நான் கீறேன்ல" என்றார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வீடு திரும்பிய மறுவாரம் அவரே, "என்னக் கூட்டிகினு போ. வழியில எறங்கறேன்னு சொன்னா உடாத" என்றார். ஆட்டோ பிடித்தோம். குமணன்சாவடி வந்ததும் அவர் கம்பியைப் பிடித்தார். நான் டிரைவரிடம் நிற்காமல் போகச் சொன்னேன்.

காதர் மாமாவின் வீடு பூந்தமல்லிக் கடைத்தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது. எங்களைக் கண்டதும் பதறிவிட்டார்.

"இந்த ஒடம்ப வச்சிக்கினு ஏன் மச்சான் அலையறே? போன் போட்டா நானே வந்திருப்பேனே. வாம்மா, உள்ள வா."

மாமி டீ போடப் போனார். அப்பா உட்காரவில்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"பாய், அன்னிக்கு நீ கை காட்டல."

"என்னிக்கு?"

அப்பா அவருடைய வலது கை முடிந்துபோன இடத்தைப் பார்த்தார். காதர் மாமாவும் குனிந்து அதைப் பார்த்தார்.

"நீ காட்டல. நான் பாக்காமயே தூக்கிட்டேன். வெசாரணைல பொய் சொன்னேன்."

காதர் மாமா அப்பாவின் முகத்தை உற்றுப் பார்த்தார். பிறகு மிகவும் மெதுவாக, "நல்லா ரோசன பண்ணிச் சொல்லு மச்சான். ஒடம்பு கெட்டுப் போனா மனசு இப்டித்தான் எதையாவது சொல்லும்" என்றார்.

தப்பித்துக்கொள்ள அவர் வழி விட்டார். ஆமாம் பாய், ஏதோ உளறிவிட்டேன் என்று அப்பா சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன்.

"ஒடம்புதான் பாய் கெட்டுக் கீது. நெனப்பு கெடல."

மாமி டீ டம்ளர்களோடு அப்படியே நின்றுவிட்டார். காதர் மாமா அவரைக் காட்டி, "இவளக் கேளு" என்றார். "கனவுல நான் கையத் தூக்கிகினே கீறேன். தூக்காத, தூக்காதன்னு நானே என் கையப் புடிச்சி இழுக்கறேன். கத்திகினு எழுந்துக்கறேன். இத்தினி வருஷமா. நான் தூக்கவே இல்லியா?"

"இல்ல பாய்."

"அத்தினி பசங்க முன்னால நின்னு, என்ன மாதிரி பண்ணாதீங்கன்னு சொன்னேனே. நீ மேல கூண்டுல உக்காந்து அத்தப் பாத்துகினுதான இருந்தே?"

"இருந்தேன்."

அப்பா அவர் காலைத் தொடக் குனிந்தார். காதர் மாமா காலை இழுத்துக்கொண்டார்.

"மன்னிச்சிடு பாய்."

"ஒண்ணும் கேக்காத. ஊட்டுக்குப் போ. போயிடு மச்சான்."

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. நாங்கள் படி இறங்கியதும் மாமி கதவைச் சாத்தினார்.

பாவத்தை அறிக்கையிட்டால் பாரம் இறங்கிவிடும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். அப்பாவுக்கு இறங்கவில்லை. நாட்கணக்கில் சாப்பிடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். காதர் மாமா வரவும் இல்லை, போனும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்து நடந்ததைக் கேட்ட பாஸ்டர், "அவர் மன்னிச்சாரா?" என்று கேட்டார்.

"இல்ல ஐயா. அது அவரு இஷ்டம். போய்ச் சொல்றதுதான் என்னுது. இப்போ என்ன எறக்குங்க."

தொட்டியில் இறக்க முடியாது. நெஞ்சில் குழாய். தலையில் தண்ணீர் ஊற்றித் தருகிறேன் என்று பாஸ்டர் முடிவு செய்தார். ஊற்றினால் அது ஞானஸ்நானமே இல்லை என்று சபை மூப்பர்களில் சிலர் வருத்தப்பட்டார்கள். "அன்னிக்குத் தொட்டியில நின்னு இல்லன்னு சொன்னவர் வாயில வர்ற ஆம், எனக்குப் போதும்" என்று பாஸ்டர் சொல்லிவிட்டார்.

ஒரு முற்பகலில், எங்கள் வீட்டுப் பின்கட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பாவை உட்காரவைத்தோம். நான் அவர் கழுத்தைச் சுற்றி பாலிதீன் தாளை வைத்து டேப் ஒட்டினேன். என் தம்பி அவர் தலையை முன்பக்கம் சாய்த்துத் தாங்கிக்கொண்டான். அம்மா குடத்தில் தண்ணீர் கொண்டுவந்தார். பாஸ்டர் அதே கேள்வியைக் கேட்டார்.

"திரும்பிட்டேன் ஐயா," என்றார் அப்பா. "இன்னும் போய்ச் சேரல."

பாஸ்டர் குடத்தை வாங்கினார். ஊற்றினார்.

அன்று மாலையே அப்பாவுக்குக் குளிர் கண்டது. மறுநாள் காய்ச்சல். இரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். "அந்தத் தண்ணியாலயா டாக்டர்?" என்று அம்மா கேட்டார். இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், குழாய் வைத்தவர்களுக்குத் தானாகவும் வரும் என்றார் டாக்டர். நான் ஒட்டிய டேப்பை எத்தனையோ முறை மனதுக்குள் பிரித்துப் பார்த்துவிட்டேன். விடை கிடைக்கவில்லை. அம்மா அந்தக் குடத்தைப் புழங்குவதில்லை.

ஆஸ்பத்திரியில் நினைவு தெளிவாக இருந்த கடைசி நாளில் அப்பா என்னிடம், "எனக்குப் பொஸ்தகம் போடுவீங்க இல்ல?" என்று கேட்டார். என்ன புத்தகம் என்றேன். "வருஷத்துக்குப் போடுவீங்களே. அதுல நல்லவரு வல்லவருன்னு எழுதாத. காதர் கை காட்டலன்னு எழுது. பிளாண்ட் ஆளுங்க அத்தன பேருக்கும் ஒண்ணு போகணும்" என்றார். இரண்டு நாள் கழித்துக் காலையில், மூச்சு முட்டி, அமைதியில்லாமல்தான் போனார். அமைதியாகப் போனார் என்று எழுத எனக்கு ஆசைதான்.

ஆகவே, தொழிற்சாலை நண்பர்களே, அப்பா சார்பில் எழுதுகிறேன்: அன்று காதர் பாய் கை காட்டவில்லை. அவர் அவசரப்படவும் இல்லை. நீங்கள் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பாடம் பொய்.

இன்னொன்றும் அப்பா சொன்னார். அந்த நேரத்தில் கீழே வேறு இரண்டு பேர் நின்றிருந்தார்களாம். கை உயரவில்லை என்பதை அவர்களும் பார்த்தார்களாம். விசாரணையில் அவர்கள் வாய் திறக்கவில்லை. பெயரைக் கேட்டேன். "அது அவங்க போக வேண்டிய வழி. நான் போக முடியாது" என்று சொல்லிவிட்டார். அவர்கள் உயிரோடு இருந்தால் இந்த மலர் இப்போது அவர்கள் கையிலும் இருக்கும். அப்பா எத்தனை வருடம் எப்படி இருந்தார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள்.

அப்பாவின் நோய்க்காலத்தில் கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. டயாலிசிஸ் பிரிவில் அவர் பயத்தைப் பொறுத்துக்கொண்ட நர்ஸ் அம்மாக்களுக்கு, எந்நேரமும் கூப்பிட்டால் வந்த ஆட்டோ ஓட்டுநர் அண்ணனுக்கு, அம்மாவுக்குத் துணையாக வீட்டிலேயே வந்து தங்கிய சின்ன அத்தைக்கு, மூப்பர்களின் வருத்தத்தையும் மீறி அப்பாவைக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்த பாஸ்டர் ஐயாவுக்கு, அன்று குழியருகே நின்று பாடிய சபையாருக்கு, எல்லோருக்கும்.

காதர் மாமா அடக்கத்துக்கு வரவில்லை. அவரைப் பற்றி அச்சில் போட அவர் சம்மதம் வேண்டும் என்பதால் போன மாதம் நானே பூந்தமல்லிக்குப் போனேன். கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். எழுதியதை முழுக்க வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். முடித்ததும், பெயரை மாற்றிவிடட்டுமா மாமா என்று கேட்டேன்.

"ஏன் மாத்தணும்? என் பேரப் போட்டே போடு. அத்தினி பேரும் படிக்கட்டும்," என்றார். வாசல்வரை கூடவே வந்தார். நான் செருப்பு மாட்டும்போது சொன்னார்: "ஒண்ணு மட்டும், கண்ணு. கடைசில அழகா இருக்கட்டும்னு, நான் உங்க அப்பன மன்னிச்சுட்டேன்னு எழுதிடாத. அப்புறம் இதுவும் பொய்யாப் பூடும்."

எழுதவில்லை, மாமா.